பந்து போட்ட கையும் வலப்பக்கப் பின்னலும்

என் மகள் எட்டாம் வகுப்பில் படித்தபோது, பாடசாலைப் பெண்கள் மென்பந்து அணியில் பந்து போட்டாள். மென்பந்து என்றால் ரெனிஸ் பந்தில் விளையாடுகிற கிரிக்கெட். அவள் போடுகிற பந்து நேராக வரும். மற்றப் பிள்ளைகள் போடுவது சில வேளை விக்கெட்டுக்கு வரும், சில வேளை மைதானத்து ஓரத்தில் நிற்கும் தண்ணீர்த் தாங்கிக்குப் போகும். நேராகப் போடக்கூடிய பிள்ளை அணியில் ஒருத்திதான். பிழை தொடங்கியதும் அங்கேதான்.

போட்டியில் ஒருவர் இரண்டு ஓவருக்கு மேல் போடக்கூடாது என்பது விதி. இரண்டு ஓவர் என்றால் பன்னிரண்டு பந்து. அந்தப் பன்னிரண்டையும் நடுவர் எண்ணினார், அணியைப் பழக்குகிற ரீச்சர் எண்ணினார், நானும் வேலியோரம் நின்று விரல் மடித்து எண்ணினேன். போட்டிக்கு வெளியே அவள் போட்ட பந்துகளை எவரும் எண்ணவில்லை.

நான் கடலோரக் களப்பில் வீச்சு வலை வீசுகிறவன். இடுப்பளவு தண்ணீரில் நின்று, வலையை மடித்துத் தோளில் போட்டு, உடம்பைத் திருப்பி வீச வேண்டும். வலை வட்டமாக விரிந்து விழுந்தால் இறால் வரும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் எவரும் தொழிலுக்குப் போவதில்லை. தேவாலயப் பூசைக்குப் போய் வந்து, வலையைக் கொடியில் போட்டுவிட்டு, சும்மா இருப்போம். என் அப்பாவும் அப்படித்தான் இருந்தார்.

அந்தச் சும்மா இருக்கிற நாளில்தான் நான் மகளைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அலை வந்து போன ஈர மணல் சீமெந்துத் தரை போல் இறுகியிருக்கும். வள்ளத் துடுப்பு ஒன்றை அதில் குத்தி நிறுத்துவேன். அதுதான் விக்கெட். அவள் ஓடி வந்து போடுவாள், நான் பின்னால் குந்தியிருந்து பிடிப்பேன். துடுப்பில் பட்டால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே இன்னும் பத்துப் போடு, இன்னும் பத்துப் போடு என்பேன்.

ஒரு நாள் பக்கத்து மீன்வாடிக்காரன் வந்து நின்று பார்த்தான்.

"என்ன மச்சான், மகளைக் கொழும்புக்கு விளையாட அனுப்பப் போறியோ?"

"ஓம். உனக்கும் ஒரு ரிக்கெற் எடுத்து வைக்கிறன்."

"பாத்து. பிள்ளையின்ர கை கழண்டுடும்."

"பஞ்சு மாதிரிப் பந்து. இதுக்குக் கை கழருமோ? போடா."

இதைச் சொன்னது நான்தான். பந்து மென்மையானது, அதனால் கைக்கு ஒன்றும் வராது என்று நான் உறுதியாக நம்பினேன். ரீச்சரும் நம்பினார், அணியில் இருந்த எல்லாப் பிள்ளைகளும் நம்பினார்கள்.

என் மனைவி விடிய எழும்பி மீன் காயவைக்கும் இடத்துக்குப் போய்விடுவாள். பிள்ளை பாடசாலைக்கு வெளிக்கிடுகிற நேரத்துக்குத்தான் திரும்பி வருவாள். அதனால் மகள் தன் இரட்டைப் பின்னலைத் தானே போட்டுக்கொள்ளப் பழகியிருந்தாள். ஒரு காலை மனைவி கருவாட்டு மணத்தோடு படலையைத் திறந்து வந்தவள், மகளை மேலும் கீழும் பார்த்தாள்.

"இஞ்ச வா பிள்ளை. என்ன, வலப்பக்கப் பின்னல் தோளில இருந்து துவங்குது?"

"அது ஸ்ரைல் அம்மா."

"அப்ப இடப்பக்கத்துக்கு ஸ்ரைல் இல்லையோ?"

மனைவி அவளுடைய வலக்கையைப் பிடித்து மெல்ல உயர்த்தினாள். காது மட்டம் வரும்போது மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"எவ்வளவு நாளா?"

"கொஞ்ச நாளா."

"கொஞ்சம் எண்டா?"

"ரெண்டு கிழமை."

மனைவி என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. "ஞாயிறு ஞாயிறாப் பக்கத்தில இருந்து பந்து பிடிச்ச ஆள் நீங்கள்," என்றாள். "பிள்ளையின்ர முகத்தைப் பாக்கேல்லையே?"

நான் துடுப்பைத்தான் பார்த்திருக்கிறேன்.

அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் பார்த்துவிட்டு, கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்கிற மிஸ்ஸிடம் அனுப்பினார். அவா வயது குறைந்தவா, ஆனால் கேள்வி கேட்கிற விதத்தில் நீதவான் மாதிரி.

"ஒரு நாளைக்கு எத்தனை பந்து போடுவா?"

"பன்னிரண்டு," என்றேன் நான். "ரெண்டு ஓவர்தான் மிஸ். அதுக்கு மேல விதி இல்லை."

அவா மகள் பக்கம் திரும்பினா. "அது மச்சில. பிறக்டிஸில?"

"எண்ணுறேல்ல மிஸ்."

"சரி, இப்ப எண்ணுவம். எத்தனை பேருக்குப் போடுவீங்கள்?"

"எல்லாருக்கும். நான் போட்டாத்தானே அவையளுக்கு அடிக்கக்கூடியதா வரும். பத்துப் பேர்."

"ஒவ்வொராளுக்கும்?"

"மூண்டு ஓவர்."

மிஸ் பேனையை எடுத்து மேசையில் இருந்த கடதாசித் துண்டில் எழுதினா. மூன்று ஓவர் பதினெட்டுப் பந்து. பத்துப் பேருக்கு நூற்றெண்பது. அதை என் பக்கம் திருப்பி வைத்தா. கடற்கரையில் போட்ட பந்துகள் அதில் இல்லை. அதை நானே வாய் திறந்து சொல்ல வேண்டியதாயிற்று.

"ரெனிஸ் பந்து எண்டபடியா ஒண்டும் வராது எண்டு நினைச்சன் மிஸ்."

"பந்து மென்மைதான். அது அடிக்கிறவைக்கு. போடுற தோள் ஒவ்வொருக்காவும் முழுசாச் சுத்தத்தானே வேணும்? பாரம் இல்லாத பந்து எண்டா இன்னும் விசுக்கிப் போடுவினம். நீங்கள் என்ன வேலை?"

"வீச்சு வலை."

"ஒரு நாளைக்கு எத்தனை தரம் வீசுவீங்கள்?"

யோசிக்காமல் சொன்னேன். "அறுபது வரும். அதுக்கு மேல கை பாரமா வரும், கரை ஏறிடுவன்."

"ஞாயிற்றுக்கிழமை?"

"ஞாயிறு தொழில் இல்லை மிஸ்."

"இவாவுக்கு?"

சுவரில் எலும்புக்கூட்டுப் படம் ஒன்று மாட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது வயது தாண்டிய, கயிறு போல் முறுகிய என் தோளுக்கு அறுபது. அதற்கும் கிழமையில் ஒரு நாள் ஓய்வு. பதின்மூன்று வயதுத் தோளுக்குக் கணக்கும் இல்லை, ஓய்வும் இல்லை. இருந்த ஒரு ஞாயிறையும் நான் எடுத்துக்கொண்டேன். மிஸ் சொன்னதில் எனக்கு ஐயமும் வரவில்லை. ஈயக்குண்டு கழன்ற வலையை வீசிப் பார்த்தவனுக்குத் தெரியும்: பாரம் குறைந்த வலைதான் தோளை வெட்டி இழுக்கும்.

வளர்கிற எலும்பு இன்னும் முற்றவில்லை, இப்போது விட்டால் ஆறிவிடும், விடாமல் போட்டால் பிறகு எப்போதுமே போட முடியாமல் போகலாம் என்று மிஸ் விளங்கப்படுத்தினா. அவா கொடுத்த பயிற்சிகளைத் தவிர ஒன்றும் செய்யக்கூடாது. எப்போது பந்தைத் தொடலாம் என்று மகள் கேட்டாள்.

"ரெண்டு பின்னலையும் ஒரே உயரத்தில நீங்களே போடுங்கோ. நோகக்கூடாது. அதுக்குப் பிறகு பந்து."

கிளிநொச்சியில் போட்டிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

ரீச்சர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுசி. தன் காசில் பிள்ளைகளுக்குப் பந்து வாங்கிக் கொடுக்கிறவா. கதிரை நுனியில் இருந்துகொண்டு சொன்னா: "பிறக்டிஸுக்கு வரவே வேண்டாம். மச்சில மட்டும் ரெண்டு ஓவர். பன்னிரண்டு பந்துதானே."

"பின்னல் வரட்டும் ரீச்சர்," என்றேன். அவாவுக்கு அது விளங்கவில்லை, பிறகு மனைவி விளங்கப்படுத்தினாள். மகள் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அன்றிலிருந்து என்னோடு கதைக்கவில்லை. தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைப்பாள், சத்தம் கேட்க வைப்பாள்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்னம் காலையில் அவளுடைய சிநேகிதி நேரத்தோடு வந்தாள். அணியில் விக்கெட்டுக்குப் பின்னால் நிற்கிற பிள்ளை. இரண்டு பேரும் கிணற்றடிக்குப் போனார்கள். கொஞ்ச நேரத்தால் மகள் என் முன்னால் வந்து நின்றாள். இரண்டு பின்னலும் காதுக்குப் பின்னால், ஒரே உயரத்தில், நீல ரிபன் கட்டி, மட்டம் பிடித்ததுபோல் இருந்தன.

"அப்பா, பாருங்கோ. நோகேல்ல."

ஒரு கிழமைக்குப் பிறகு அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. கூரை மரத்தில் சொருகி வைத்திருந்த பந்தை எடுக்கக் கை போய்விட்டது. உண்மையைச் சொன்னால், ஏமாற எனக்கு விருப்பமாக இருந்தது. அவள் கிளிநொச்சியில் போடுவதை நான் மனதில் பலமுறை பார்த்து, அந்த 'டக்' சத்தத்தையும் கேட்டுவிட்டேன்.

ஆனால் நான் கிழிந்த வலை பொத்துகிறவன். எங்கே முடிச்சைக் கண்டாலும் கண் அங்கே போகும். ஒருவர் போடுகிற முடிச்சு இன்னொருவர் போடுகிறது மாதிரி இருக்காது. மகளின் ரிபன் முடிச்சு எப்போதும் வலப்பக்கம் சாய்ந்திருக்கும். இந்த இரண்டும் இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

படலையடியில் நின்ற சிநேகிதியைக் கூப்பிட்டேன். "பிள்ளை, நீ எந்தக் கையால எழுதுறனி?"

அவள் இடக்கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். "ரெண்டாலயும் மாமா," என்றாள்.

மனைவி சிரித்துவிட்டாள். மகள் சிரிக்கவில்லை. கண் நிறைந்து நின்றது. நான் பந்தைக் கூரை மரத்திலேயே விட்டேன். "இல்லை அம்மா," என்றேன்.

கிளிநொச்சிக்கு நானும் அவர்களோடு பஸ்ஸில் போனேன். மகள் தண்ணீர்ப் போத்தல்களுக்குப் பக்கத்தில் இருந்தாள். தண்ணீர்த் தாங்கிக்குப் பந்து போடுகிற பிள்ளைகளில் ஒருத்திதான் மகளுடைய இரண்டு ஓவரையும் போட்டாள். முதலில் நாலு வைட். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு பொறுக்கமாட்டாமல் எழும்பி, "கையைப் பாக்காத, ஸ்ரம்பைப் பார்," என்று கத்தினாள். அடுத்த பந்து ஸ்ரம்பை விழுத்தியது. முதல் மச் வென்றார்கள். இரண்டாவதில் தோற்றார்கள்.

திரும்பி வரும்போது ஆனையிறவுப் பக்கம் போகிற லொறிகளைப் பார்த்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றோம். மகள் கேட்டாள்: "அப்பா, நான் போட்டிருந்தா வெண்டிருப்பம் என்ன?"

"ஓம். வெண்டிருப்பியள்."

பொய் சொல்ல நான் விரும்பவில்லை. பஸ்ஸில் என் பக்கத்தில்தான் வந்து இருந்தாள்.

பிள்ளைகளே, உங்களில் பந்து போடுகிறவர்கள் இருந்தால் ஒன்று கேட்கிறேன். நேற்று எத்தனை போட்டீர்கள்? தெரியாது என்றால், அது கூடிப்போயிற்று என்று எடுத்துக்கொள்ளுங்கள். கை நோகிறது என்று சொன்னால் அணியில் இருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயந்துதான் என் மகள் இரண்டு கிழமை சொல்லாமல் இருந்தாள். நீங்கள் முதல் நாளே சொல்லுங்கள். அப்பா அம்மா துடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

ரீச்சரும் மாறினார். ஒருத்தியே எல்லாருக்கும் போட்ட பயிற்சி நின்றது. நாலு பேர் பந்து போடப் பழகினார்கள். மகள் பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்லுவாள். நான் என் பழைய வலையில் இருந்து ஈயக்குண்டுகளை வெட்டி எடுத்து, இரண்டு பால்மா ரின்னோடு அவளிடம் கொடுத்தேன். ஒரு பந்து போட்டால் ஒரு குண்டு இந்த ரின்னில் இருந்து அந்த ரின்னுக்கு. முதல் ரின் வெறுமையானால் அன்றைக்குப் பந்து இல்லை. மற்றப் பிள்ளைகளுக்கு அவளே குண்டு மாற்றினாள். ஒன்றையும் விட்டுக்கொடுக்கமாட்டாள் என்று அவர்கள் முறையிட்டார்கள்.

போட்டி முடிந்து மூன்றாம் கிழமை, நாங்கள் பூசைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தோம். மகள் அறையில் இருந்து வந்தாள். இரண்டு பின்னலும் காதடியில் இருந்து தொடங்கின. என் முன்னால் நின்று தலையை அங்கும் இங்கும் திருப்பிக் காட்டினாள்.

"முடிச்சை வடிவாப் பாருங்கோ. பிறகு ஆரோ கட்டினது எண்டு சொல்லக்கூடாது."

குனிந்து பார்த்தேன். இரண்டும் வலப்பக்கம் சாய்ந்திருந்தன. "ஓம். உன்ர கைதான்."

"நோகேல்ல. உண்மையா."

"சரி."

"அப்ப பந்து?"

"இண்டைக்கு என்ன கிழமை?"

அவள் கொடியில் காய்ந்துகொண்டிருந்த வலையைப் பார்த்தாள். மூச்சை இழுத்து விட்டாள். "ஞாயிறு," என்றாள். "அப்ப நாளைக்கு. இருபத்திநாலு."

"மிஸ் சொன்னது பதினெட்டு."

"இருபத்தொண்டு."

"பதினெட்டு."

மனைவி வாசலில் நின்று நேரமாகுது என்று கூப்பிட்டாள். மகள் செருப்பைப் போட்டவள் திரும்ப உள்ளே ஓடினாள். ரின்னுக்குள் குண்டுகள் ஒவ்வொன்றாய் விழுகிற சத்தம் கேட்டது. நானும் வெளியில் நின்று எண்ணினேன். பதினெட்டோடு நின்றது.