கொக்கியில் தொங்கிய மூட்டை

அந்தப் படத்தை என் போனிலிருந்து நானேதான் அழித்தேன். வெள்ளைச் சுவர், அதில் ஓர் இரும்புக் கொக்கி, கொக்கியில் அழுக்கேறிய சிவப்புத் துணி மூட்டை. கீழே ஈரத் தலையோடு பத்துப் பன்னிரண்டு பேர் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். எடுத்தவன் நான். ஒரு நல்ல மனுஷியின் பிழைப்பில் மண்ணைப் போட்ட படம், இனிக் கண்ணிலேயே படக்கூடாது என்று அழித்துவிட்டேன்.

மிஷன் அக்கா என்றுதான் அவரைச் சொல்வோம். நாகர்கோவில் பக்கத்துக்காரர். காரைக்காலுக்கு வெளியே இருந்த நரிக்குறவர் குடியிருப்பில் ஊழியம் செய்ய அவருடைய மிஷன் அனுப்பியிருந்தது. நான் நெடுங்காட்டு விவசாயக் குடும்பம். வாய்க்காலில் தண்ணீர் வராத ஒரு வருஷம் அவர்களுடைய வேனுக்கு டிரைவராகப் போனேன். "வேதக்காரங்க வண்டி ஓட்டுறான், இனிமே திருநீறு பூசுவானா பாரு" என்று வீட்டில் ஒரே கிண்டல். அக்கா ஒருநாளும் என்னிடம் மதம் பேசியதில்லை. அதற்கு அவருக்கு நேரமேது? பாசிமணி கோக்கும் பெண்களோடு உட்கார்ந்து, அவர்களுடைய வாக்ரி மொழியைக் கற்பதிலேயே பொழுது போய்விடும். தப்புத் தப்பாகப் பேசுவார். அவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், இவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் மூன்று வருஷத்தில் ஒருவர்கூட ஞானஸ்நானம் எடுக்கவில்லை. தலைமையகத்துக் கடிதம் வரும் நாட்களில் அக்காவின் முகம் செத்துப்போயிருக்கும். "இந்த இடத்தை விட்டு என்னைய மாத்திருவாங்களோன்னு பயமா இருக்கு தம்பி" என்பார். அந்த ஜனங்கள் மேல் அவருக்கு அப்படியொரு பிரியம்.

ஒரு கார்த்திகை மழையில் குடியிருப்புக்குள் இடுப்பளவு தண்ணீர் ஏறிவிட்டது. வேனில் ஏற்றி, எல்லோரையும் மிஷனின் ஜெப ஹாலுக்குக் கொண்டுவந்தோம். அவர்களுடைய தலைக்கட்டுப் பெரியவர் மட்டும் வேறெதையும் எடுத்துவரவில்லை, சாமி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். அவர்கள் ஆத்தாளின் துணிமணி உள்ள மூட்டை அது. அந்தக் குடும்பத்து ஆண்களைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது, தரையிலும் வைக்கக்கூடாது.

வாசலில் அக்கா தயங்கினார். "ஐயா, மூட்டை வேன்லயே இருக்கட்டுமே. பத்திரமா பூட்டி வைக்கிறோம்" என்றார்.

"எங்க ஆத்தாவ வெளிய விட்டுட்டு நாங்க உள்ள போயி காயவா? வேணாம்மா, நீங்க போங்க" என்று பெரியவர் மழையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான், மற்றவர்களும் சுற்றி உட்கார்ந்தார்கள். அவர் மருமகள் பத்து நாள் பிள்ளையை முந்தானைக்குள் மூடிக்கொண்டு நின்றாள். பிள்ளை அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

அக்கா விறுவிறுவென்று உள்ளே போய், சுவர்க் கொக்கியில் மாட்டியிருந்த பெரிய பைபிள் வசனப் பலகையைக் கழற்றிப் பெஞ்சில் சாய்த்து வைத்துவிட்டு வந்தார்.

"வாங்கய்யா. உங்க கையாலயே அந்தக் கொக்கியில மாட்டுங்க. நாங்க யாரும் தொடமாட்டோம்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. படமெடுத்து மிஷனின் வாட்சப் குழுவில் போட்டேன். 'எல்லாரும் பத்திரம், சாமியும் பத்திரம்' என்று கீழே எழுதினேன். எங்கள் வீட்டில் வெள்ளம் வந்தால் முதலில் சாமி படத்தைத்தான் பரணில் ஏற்றுவோம். இதில் தப்பு இருக்குமென்று எனக்கு எங்கே உறைத்தது? மடையன்.

படத்தைப் பார்த்துவிட்டு மறுவாரமே மேலிடத்துப் போதகர் வந்தார். அவரும் கெட்டவரில்லை. "அவசரத்துல தெரியாம பண்ணிட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடும்மா, போதும்" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். அக்கா எழுதவில்லை. வடக்கே ஏதோ ஓர் ஊர் அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். ரயிலேற்றிவிடப் போனபோது, ஒரு வரி எழுதித் தொலைத்திருக்கக் கூடாதா என்று கோபத்தில் கத்தினேன்.

"அவங்கள மழையில நிறுத்திட்டு, உள்ள உக்காந்து நான் யாருகிட்ட தம்பி ஜெபம் பண்ணுவேன்?" என்றார்.

இப்போது நான் காரைக்கால் கோவில்பத்தில் குடியிருக்கிறேன், சொந்த ஆட்டோ. ஜெப ஹால் வழியாகச் சவாரி போகும்போது ஜன்னலில் பார்ப்பேன். பலகை பழைய கொக்கியில் தொங்கும். போன வாரம் தெரியாத எண்ணிலிருந்து ஒரு வணக்கம் வந்தது. முகப்புப் படத்தைத் தொட்டுப் பெரிதாக்கினேன். வெள்ளைச் சுவர், கொக்கி, சிவப்பு மூட்டை. உடனே கூப்பிட்டேன்.

"என்னாலதான்க்கா எல்லாம். நான் பாட்டுக்கு அந்தப் படத்தப் போட்டு..."

"நீ மொதல்ல எடுத்த படத்துல மூட்டையே விழல தம்பி" என்று சிரித்தார். "இன்னும் ரெண்டடி பின்னால போ, ஆத்தாவும் சேந்து விழட்டும்னு சொன்னது நான்தானே. மறந்துட்டியா?"

மறந்துதான் போயிருந்தேன். அந்தப் படத்தை எனக்கு அனுப்புங்கக்கா என்றேன். அனுப்பினார்.