காவிரிக்கரை வளைவுக்கு நாலு விரல்

ஜீயபுரத்தில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு திருச்சி மார்க்கெட்டுக்கு வரும்போது, காவிரிக்கரை வளைவில் அண்ணனின் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஜன்னலில் வானம் போய் ஆறு வந்தது. யுத்தத்தில் பட்டாளத்துக்கு ஓடி, பிறகு ஏலத்துக்கு வந்த பிக்கப் அது. அண்ணன் எப்படியோ நிமிர்த்தினார். எனக்கு மூச்சு திரும்பியதும் முதலில் வந்த பேச்சு இதுதான்: “அண்ணே, வண்டி ரொம்ப ஒசரம். பின்பக்கத்தை நாலு விரல் எறக்கிட்டா இவ்வளவு சாயாது.”

“காலேஜ்ல இதைத்தான் சொல்லித் தராங்களா?” என்றார்.

தினமும் அந்த வளைவைத் தாண்டுகிறவர் அவர்; அதனால் நான் விடவில்லை. வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் செட்டில் அடுக்கியிருக்கும் எஃகுப் பட்டைகளில் இரண்டை உருவிவிடலாம் என்றார். வண்டி இறங்கும், பாரத்தை எது தாங்கும் என்றேன். நெருப்பில் காய்ச்சித் தட்டலாமா என்றார். கண்டபடி காய்ச்சினால் எஃகின் துள்ளலே போய்விடும் என்றேன்.

கடைசியில் ஸ்ரீரங்கத்து வீட்டிலிருந்து மன்னார்புரம் பழைய சாமான் கடைக்குப் போனோம். வில்லாக வளைந்த பட்டைகள் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். விரிசல் விட்டது மொத்தென்றது. நல்லது நெடுநேரம் பாடியது. பட்டைகள் பழைய செட்டின் அதே எண்ணிக்கை, அதே கனம், வளைவு மட்டும் வண்டி நாலு விரல் இறங்கும் அளவு குறைவாக ஒரு ஜோடி செட் அகப்பட்டது.

மாட்டிய மறுநாள், ஜீயபுரத்தில் தாவணியைச் செருகிக்கொண்டு வண்டிக்கடியில் படுத்தேன். தார் ஏற ஏற, பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவி மெல்ல நிமிர்ந்தன. ஒரு தோட்டத்துப் பாரத்தையே வளைந்த இரும்பு சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டது. கண்ணை எடுக்க முடியவில்லை. அச்சுக்கும், அது வண்டிச் சட்டத்தில் இடிக்காமலிருக்க மேலே வைத்த ரப்பர் கட்டைக்கும் நடுவே இரண்டு விரல் இடம் மிச்சம் இருந்தது.

அப்போது, வழக்கம்போல, சுமை ஏற்றியவர்கள் தார்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். என் கணக்கில் வாழை இருந்தது, மனிதர்கள் இல்லை. அச்சு கட்டையில் போய் ஒட்டிக்கொண்டது. இனி ஒரு பள்ளம் வந்தால் போதும், அடி நேராகச் சட்டத்தில் விழும்.

“எல்லாரும் எறங்குங்கண்ணே,” என்றேன்.

“நடந்து வரோம் பாப்பா. மார்க்கெட்ல தாரு தானா எறங்கிக்குமா?” என்றது மேலிருந்து ஒரு குரல்.

அண்ணன் குனிந்து பார்த்தார். சிரிக்கவில்லை. “பாதித் தாரை எறக்குங்க. இன்னிக்கு இவ்வளவுதான்,” என்றார். பிறகு என்னிடம், “நாலு விரலா சொன்னே?”

“ரெண்டு போதும்ணே. பட்டை ஒண்ணு கூடுதலா இருக்கணும்.”

அப்படியொரு செட் அந்தக் குவியலில் கிடந்ததைப் பார்த்திருந்தேன். மறுபடி மன்னார்புரம். இந்த முறை என் கணக்கில் முதலில் ஆட்கள் ஏறுவார்கள், அப்புறம்தான் தார்.