வெள்ளைச்சோறு தம்பிக்கு, இலை எங்களுக்கு

உப்பில்லாமல் வெந்த சக்கரவள்ளி இலை வழவழவென்று தொண்டைக்குள் இறங்கும்போதே பச்சை நாற்றம் மூக்கில் ஏறும். அந்த நாற்றத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து ஆண்ட காலத்தில், மலாக்கா காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக் கொல்லை முழுவதும் அந்தக் கொடிதான். எனக்கும் தங்கை செல்லத்துக்கும் அந்த இலையும் மரவள்ளிக் கிழங்கும்தான் இரண்டு வேளையும். முகத்தைச் சுளித்தால் அம்மாவின் அகப்பைக் காம்பு முதுகில் விழும். "தின்னாத்தான் உசுரு நிக்கும், முழுங்குடி" என்பாள். அதற்கு மேல் கொஞ்சல் கிடையாது.

தம்பி ராசுவுக்கு மட்டும் வேறு சட்டம். அப்பா ஜப்பான்காரன் கிடங்கில் கணக்கெழுதும் "கிராணி". அங்கே அவருக்கு அளந்து கொடுத்த வெள்ளை அரிசியில் ஒரு பருக்கைகூட எங்கள் தட்டில் விழாது. கழுநீர் தெளியும்வரை அதை அம்மாவைக் கழுவச் சொல்லி, கஞ்சியையும் ஒட்ட வடிக்கச் சொல்லி, பூப்போன்ற அந்தச் சோற்றைத் தானே மகனுக்கு ஊட்டுவார். வடித்த கஞ்சியும் எங்களுக்கு மிஞ்சிய இலையும் பின்வீட்டுச் சீனர் பன்றிக்குப் போகும். எங்கள் தெருவிலேயே ஒழுங்காகச் சாப்பிட்டது அந்தப் பன்றி ஒன்றுதான். நாங்களோ தம்பியின் தட்டைப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்தோம்.

அவனுக்குக் கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நின்றது. எதிர்வீட்டு மலாக்கா செட்டிக்காரம்மா தலைமுறைகளாக மலாய் பேசும் குடும்பம், தமிழ் வராது, வேலிக்கு அப்பால் நின்று, "காசி மாக்கான் சாயோர்!" என்று மலாயில் கத்தினாள். கீரையைக் கொடு என்கிறாள். அம்மா கிண்ணத்தில் இலையோடு வந்தாள். அப்பா அதைத் தட்டிவிட்டார்.

"பன்னி திங்கிறத எம்மவனுக்குக் குடுப்பியா? நான் இன்னும் சாகலடி!"

மழைக்காலம் முடிவதற்குள் மூச்சு வாங்கி வாங்கி ராசு போய்விட்டான். அது "பெரிபெரி" என்றும், வெறும் வெள்ளைச்சோறு தின்றால் வரும் என்றும், இலை தின்ற பெண்பிள்ளைகள் தப்பித்துக்கொண்டதாகவும் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் பிறகுதான் சொன்னார்.

அன்றிலிருந்து அம்மா அந்த அரிசியை அதேபோலக் கழுவி, அதேபோல வடித்து, அப்பாவுக்கு மட்டும் போட்டாள். ஒருநாள் அவர் எங்கள் கீரைச் சட்டியை நோக்கிக் கை நீட்டியபோது சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அது பன்னி திங்கிறது. நீங்க சோத்தச் சாப்பிடுங்க."

அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இல்லை. இன்றும் இல்லை.

அந்தக் கொல்லை போய்விட்டது. வேலியும் போய், அங்கே கடைவீடுகள் நிற்கின்றன. புக்கிட் பாருவில் செல்லத்தின் மகள் கேரட்டைப் பூப்பூவாக வெட்டி வைத்து, ஒரு வாய் கீரைக்கு ஒரு மிட்டாய் என்று தன் மகனிடம் பேரம் பேசுகிறாள். அவன் தூவென்று துப்புகிறான். "உயிர வாங்குறான் பெரியம்மா, நீங்களாச்சும் சொல்லுங்களேன்" என்று என்னிடம் அழுகிறாள். எனக்கு அவள்மேல் கோபம்தான் வருகிறது. கெஞ்சு, மிரட்டு, மிட்டாய் கொடு, என்ன வேண்டுமானாலும் செய்துகொள், அலுத்துக்கொள்ளாதே. துப்புவதற்காவது உன் எதிரில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறானே!