பிளக் ஒயருக்கு ஒரு தோல் சட்டை

என் மீசை ஏலகிரி மலையின் ஏழாவது கொண்டை ஊசி வளைவில் ஆட்டம் கண்டது. தூறல், பின்னால் ஹாரன் அடிக்கும் சுற்றுலா வேன், பானெட்டுக்குள் என் தலை. குடை பிடித்துக்கொண்டிருந்த ரஹீம் பாய், "சாலமன், மீசையை இங்கயே எடுக்கறியா, மேல போயா?" என்று கேட்டார். ஆம்பூரில் இருபத்தெட்டு வருஷமாகக் கார் ரிப்பேர் செய்கிறேன். எந்தக் கஸ்டமரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிரிக்கிறவர்கள் முதலில் சிரித்து முடித்துவிடுங்கள்.

1. பிளக்

ரஹீம் பாய் ஒரு தோல் கம்பெனியில் ஃபினிஷிங் சூப்பர்வைசர். பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கி, வேறு எங்கோ கொடுத்து இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைச் சீவி, கம்ப்ரஷனை ஏற்றி, பெரிய கார்புரேட்டரும் போட்டு வைத்திருந்தார். உள்ளே பொறி அடிக்கிற பிளக்கை மட்டும் மாற்றவில்லை. கொஞ்சம் மிதித்தால் இன்ஜின் டகடகவென்று தட்டும்.

என்னிடம் வரும்போது பாய் நிறைய வீடியோ பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"நாலு முனை வச்ச பிளக் ஒண்ணு வருதாம்பா. நாலு பொறி அடிக்கும். பவர் ஜாஸ்தி."

"முனை நாலு இருந்தாலும் ஒரு நேரத்துல ஒரு பொறிதான் பாய் அடிக்கும்."

"அப்போ மீதி மூணு?"

"சும்மா உக்காந்துனு இருக்கும்."

பாய் தன் செக்‌ஷனில் யாரையோ நினைத்துக்கொண்டார் போல, பெருமூச்சு விட்டார்.

பிளக் வாங்கும்போது டப்பாவின் கலரைப் பார்க்காதீர்கள். முதலில் மரையின் நீளம். கூடிப்போனால் பிஸ்டன் வந்து முட்டும். அடுத்தது சூடு. கம்ப்ரஷன் ஏற்றிய இன்ஜினில் சூடு அதிகம், அதைச் சீக்கிரம் வெளியே கடத்துகிற 'கோல்டு' பிளக் வேண்டும். அதிலும் ஒரு படி போதும். ஆசைப்பட்டு மூன்று படி போனால் டவுனுக்குள் ஓட்டும்போது கரி பிடித்துவிடும். கடைசியாகக் கேப், பொறி தாண்டுகிற இடைவெளி. உள்ளே அழுத்தம் கூடினால் பொறி தாண்டுவது கஷ்டம், அதனால் கேப்பைத் துளி குறைத்து வைத்தேன். இதெல்லாம் சரியாகத்தான் செய்தேன். இதை எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

2. ஒயர்

பிளக்குக்குக் கரண்ட் கொண்டுபோகிற ஒயர் நாலும் வெடித்திருந்தன. தடிமனான சிலிக்கான் ஒயர் வாங்கி வந்தேன். பாய்க்கு முகம் சுருங்கிவிட்டது.

"இன்னாப்பா இது, கறுப்பா அசிங்கமா. பானெட்டைத் தொறந்தா நாலு பேர் பார்க்க வேணாமா? குடு, கம்பெனில கவர் தெச்சினு வர்றேன்."

ரெண்டு நாளில் கொண்டுவந்தார். தேன் கலரில் தோல் உறை, வெள்ளை நூல் தையல், வரி கோணாமல் ஒரே சீர்.

தெருவுக்குத் தெரு தோல் வேலை நடக்கிற எங்கள் ஊரில் தோலைக் கையில் கொடுத்தால் யாரும் சும்மா வாங்கமாட்டோம். வாத்தியாரானாலும் நர்ஸானாலும் மடித்துப் பார்ப்போம், கட்டை விரலால் தேய்ப்போம், மூக்கில் வைப்போம். நானும் செய்தேன்.

"ஆடுதானே பாய்?"

"ஆடுதான். ஷூ ஆர்டர் சாம்பிள்ல மிஞ்சினது. எங்க தையல் ஆளு ஹேண்ட் பேக் கைப்பிடி மாதிரியே தெச்சிருக்கான். முனையில ரெண்டு தையல் புடிச்சிருக்கான், நவுரவே நவுராது."

இழுத்துப் பார்த்தேன். நகரவில்லை. சபாஷ் என்றேன். அரை மணி நேரம் தோலைப் பற்றி மட்டுமே பேசினோம். அது கரண்ட் போகிற ஒயர் என்பது இருவருக்குமே ஞாபகம் இல்லை.

மாட்டி ஓட்டினால் இன்ஜின் வெண்ணெய். நல்ல வெயில் நாள். பாய்க்கு மட்டும் சந்தேகம்: "நாலு முனை போட்டிருக்கலாம். ஏலகிரி ஏறுமா இது?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "பதினாலு வளைவும் ஒரு மிஸ் இல்லாம ஏறலன்னா மீசையை எடுத்துடறேன் பாய். ஏறிட்டா நீங்க இனிமே என் வேலையில வாயே தொறக்கக் கூடாது."

பாய் கை கொடுத்தார். மீசை என்னுடைய ஒரே அழகு. என்றாலும் பாய் வாயை மூடுவார் என்பதற்காக எதையும் வைக்கலாம் என்று தோன்றியது.

3. ஏழாவது வளைவு

ஞாயிற்றுக்கிழமை போனோம். மலையில் பனியும் தூறலும். ஆறு வளைவு பறந்தது. ஏழில் திணறி, விக்கி, ஆட ஆரம்பித்தது.

கைவசம் இருந்த புது பிளக்கை மாற்றினேன். அதேதான். மறுபடி ஸ்டார்ட் செய்து பானெட்டுக்குள் குனிந்தேன். நனைந்த தோல் உறையின் முனையிலிருந்து ஹெட்டின் மேல் நீலமாகப் பொறி பொடிப்பொடியாகக் குதித்துக்கொண்டிருந்தது. நம்ப முடியாமல் தொட்டேன். தோள்பட்டை வரைக்கும் இழுத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"பாய், அந்த முனைத் தையல் ரெண்டும், ஊசி எது வரைக்கும் போச்சி?"

"அந்தப் பக்கம் வரைக்கும் போனாதானே கைப்பிடி நிக்கும்."

அவ்வளவுதான் விஷயம். நாலு ஒயரிலும் ஊசி ஓட்டை. தோல் காய்ந்திருந்தவரை கரண்ட் கசியவில்லை. ஈரம் குடித்ததும் பிளக்குக்குப் போக வேண்டியதெல்லாம் தோல் வழியாக ஹெட்டுக்குப் போய்விட்டது.

இன்ஜினை அணைத்துக் கத்தியை எடுத்தேன். பாய் பதறினார். "பார்த்து வெட்டுப்பா, அளவு இருந்தா பர்ஸ் தெச்சிக்கலாம்."

உறையைக் கிழித்து, பாயின் கர்ச்சீப்பால் ஒயரைத் துடைத்து, ஓட்டைகளை டேப் சுற்றி மூடினேன். மீதி ஏழு வளைவையும் கார் ஏப்பம் விடாமல் ஏறியது.

மேலே போனதும் பாய் இரங்கினார். "தையல் எங்களுது, உட்டுடு."

"மாட்டினது நான். பார்த்துட்டு சபாஷ் சொன்னதும் நான். வேணும்னா நீங்களும் எடுங்க."

"எனக்கு மீசையே இல்ல, நான் இன்னாத்த எடுக்கறது?"

சலூனில் போய் உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது. கண்ணாடியைப் பார்த்ததும் கொஞ்சம் அழுகையும் வந்தது. வீட்டில் என் மனைவி எஸ்தர் கதவைத் திறந்து வெகுநேரம் பார்த்தாள். "அப்படியே உங்க தம்பி மாதிரி இருக்கீங்க. எனக்கு அவரைத்தான் புடிக்காதே," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மீசை திரும்ப வரும்வரை தோசை கருகித்தான் வந்தது.

நான் கற்ற பாடம் இது. பிளக்கைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் பாதி வேலைதான் முடியும். ஒயரில் ஊசி, ஆணி, கத்தி எதுவும் படக் கூடாது. அதைவிட முக்கியம், பானெட்டைத் திறந்தால் மெக்கானிக்காக மட்டும் பார்க்க வேண்டும், ஆம்பூர்க்காரனாகப் பார்க்கக் கூடாது.

போன வாரம் பாய் வந்தார். பந்தயத்தில் தோற்காததால் வாய் அப்படியே இருக்கிறது. நாலு ஒயருக்கும் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒரு தோல் தொப்பி தைத்துக் கொண்டுவந்திருந்தார். "வேணாம் பாய், உயிரே போனாலும் வேணாம்," என்று கண்டிப்பாகச் சொன்னேன். பாய் அதை என் கையில் வைத்தார்.

மடித்துப் பார்த்தேன். கட்டை விரலால் தேய்த்தேன். மூக்கில் வைத்தேன்.

"இது கன்னுக்குட்டித் தோலா பாய்?" என்று கேட்டேன்.