வெளுத்துக் காட்டாத கேமரா

எஸ்டேட்டில் எங்கள் பக்கத்து லயத்து வீட்டு ஜின்சியை அவள் புருஷன் ரிஜின் விறகுக்கட்டையால் அடிப்பான். முன்பு ஒருமுறை அவள் போனில் படம் எடுத்து வைத்தாள். காயம் ஆறியபின் பஞ்சாயத்தில் காட்டினால், முகத்தைத் தானே அழகாக்கும் அந்தப் போன் அவளைக் கல்யாணப் பெண்ணாக வெளுத்துக் காட்டியது. "அடி எங்கடி?" என்று பெரியவர்கள் சிரித்தார்கள்.

இந்தத் தடவை உதட்டைக் கிழித்துவிட்டான். நான் கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவளைக் கம்பம் டவுனில் இருந்த கேமராக் கடைக்குக் கூட்டிப்போனேன்.

"எம் மூஞ்சியவே எடுத்துக் காட்டுங்கண்ணே," என்றாள் கடைக்காரனிடம்.

இரண்டு கேமராவில் பளபளத்தாள். மூன்றாவதில் கன்னத்து நீலமும் உதட்டு ரத்தமும் அப்படியே விழுந்தன.

"இதுல அழகா இல்லையேம்மா," என்றான் கடைக்காரன்.

"கூறுகெட்டவனே, அதுக்குத்தான வந்தோம். இதக் குடு," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்தில் படத்தைக் காட்டினாள். ரிஜின் கேமராவைப் பிடுங்கப் பாய்ந்தான். கைத்தடியால் அவன் முழங்காலில் போட்டேன், விழுந்தான். யாரும் சிரிக்கவில்லை. ஜின்சி அன்றே தாய்வீட்டுக்கு பஸ் ஏறினாள்.