மீன் தொட்டியும் வெள்ளிக்கிழமை விளக்கும்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று பல வருஷமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். பேனாவை எடுப்பேன்... பிறகு வத்தல் போட்டது, பஸ்ஸில் சண்டை பார்த்தது, கோவில் கொடைக்குப் போனது என்று வேறு எதையாவது எழுதி அனுப்பிவிடுவேன். நீங்களும் பெரிய மனசோடு வாசித்துவிடுவீர்கள்.

தயக்கத்துக்குக் காரணம் என் மருமகள். பட்டது அவள். நான் அதை எழுதி ஊருக்குக் கொடுப்பது நியாயமா?

போன வாரம் தையல் கடையில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் இரண்டு பெண்கள், யாரோ ஒரு வீட்டுக் கதையைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"புது மருமக வந்ததுலேருந்து தொட்டியில மீனா செத்து மிதக்குதாம்க்கா."

"அவ வந்த நேரம் அப்படி. என்னத்தச் சொல்ல!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏம்மா, அந்த வீட்டுல ஃபில்டரைத் திறந்து பாத்தாவளா?" என்று கேட்டுவிட்டேன். இரண்டு பேரும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். ஜாக்கெட் துணியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்து கோமதியிடம் சொன்னேன். கோமதிதான் என் மருமகள். "எழுதுங்க அத்தை. என் பேரைப் போட்டே எழுதுங்க" என்றாள்.

போட்டுவிட்டேன்.

கோமதிக்கு நாகலாபுரம் பக்கம். கல்யாணச் சீர் இறங்கிய அன்று கட்டில், பீரோவுக்குப் பின்னால் லோடு ஆட்டோவில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டியும் வந்தது. அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே மீன் வளர்ப்பில் ஆசையாம். தாய்மாமன் வாங்கிக் கொடுத்தது. கூடவே ஒரு கேனிஸ்டர் ஃபில்டர்.

அது என்ன என்று கேட்பீர்கள். மூடி போட்ட வாளி மாதிரி ஒன்று, தொட்டிக்குக் கீழே இருக்கும். ஒரு குழாய் தொட்டியின் அழுக்குத் தண்ணீரை வாளிக்குள் கொண்டுவரும். இன்னொரு குழாய் சுத்தமான தண்ணீரைத் தொட்டிக்கே திருப்பி அனுப்பும். நடுவில் வடிகட்டுகிற வேலை நடக்க, வாளிக்குள் மூன்று கூடைகள் ஒன்றின் மேல் ஒன்றாக உட்காரும். முரட்டு ஸ்பாஞ்ச் ஒரு கூடையில், வெள்ளைப் பஞ்சு ஒரு கூடையில், பீங்கான் வளையங்கள் ஒரு கூடையில். எந்தக் கூடை எங்கே? அங்கேதான் என் குடும்பமே மாட்டிக்கொண்டது.

என் வீட்டுக்காரர் பைப் கடை வைத்திருக்கிறார். ஊரில் பாதி வீட்டு மாடித் தொட்டிக்கு அவர் கடைக் குழாய்தான். அட்டைப் பெட்டியில் வந்த படத்தைக் கோமதி எடுத்து நீட்டினாள். வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"தண்ணி எப்படிப் போகும்னு எனக்குப் படம் போட்டுக் காட்டணுமாக்கும்?"

எங்கள் மொட்டை மாடியில் மழைத் தண்ணீர் பிடிக்க அவரே ஒரு டிரம் செய்து வைத்திருக்கிறார். மேலே கூழாங்கல், அப்புறம் கரி, அடியில் மணல். இந்த வறண்ட பூமியில் தண்ணீர் என்றால் வானத்திலிருந்து வருவதுதானே? அதே கணக்கில் கூடைகளையும் அடுக்கினார். மேலே முரட்டு ஸ்பாஞ்ச், நடுவில் பஞ்சு, அடியில் வளையங்கள். நானும் கையைக் கட்டிக்கொண்டு ரசித்துப் பார்த்தேன். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ஒரு வாரத்தில் தண்ணீர் வரத்து குறைந்தது. திறந்தார். மேல் ஸ்பாஞ்ச் அன்றுதான் கடையில் வாங்கினது மாதிரி புதுசாக இருந்தது. அடியில் வளையமெல்லாம் சகதி.

"பாத்தியாட்டி? மண்டி பூரா அடியில வந்து படிஞ்சிருக்கு. மேல சுத்தமாயிருக்கு. சூப்பரா வேலை செய்யுது!"

அன்று வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை பூஜைக்காக நான் குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குழாயைத் திறந்துவிட்டு, வளையங்களைப் பிரஷ் போட்டுப் பளபளவென்று தேய்த்தார். வெள்ளிக்கிழமை வீட்டில் அழுக்கு தங்கலாமா? அதிலிருந்து வாராவாரம் வியாழக்கிழமை அது எங்கள் வீட்டுச் சடங்காகவே ஆகிவிட்டது.

வெள்ளி, சனிக்கிழமைகளில் மீன் செத்தது.

ஒரு வாரம் தப்பாமல். கறுப்பு மோலி, வெள்ளை மோலி, வால் நீண்ட ஒரு தங்க மீன்... காலையில் எழுந்து பார்த்தால் ஏதாவது ஒன்று பக்கவாட்டில் மிதக்கும்.

அந்தச் சமயத்தில்தான் என் நாத்தனார் வந்தார். என் வீட்டுக்காரருக்கு அக்கா. எப்போதும்வென்றான் என்கிற ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அறுவடை முடிந்தால் ஒரு பை உளுந்தும் ஒரு பை புத்திமதியும் கொண்டுவருவார். தொட்டியைப் பார்த்தார். மிதந்த மீனைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏட்டி, மீனுன்னா சும்மா இல்ல பாத்துக்கோ. வீட்டுக்கு வார கெடுதலை அது ஏத்துக்கிட்டுச் சாகும். சரி, அந்தக் கெடுதல் யாரு கூட வந்துச்சு? இந்த வீட்டுக்குப் புதுசா வந்தது யாரு?"

அடுக்களையில் கோமதி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவுகிற சத்தம் நின்றுபோனது.

"மெதுவாப் பேசுங்க மதினி."

"நான் எதுக்கு மெதுவாப் பேசணும்? உள்ளதைத்தான சொல்லுதேன். அதுவும் வெள்ளிக்கிழமையாப் பாத்துச் சாகுது. இனிமே விளக்கை அவ ஏத்த வேண்டாம். கொஞ்ச நாளு அவ அப்பன் வீட்டுல போயி இருக்கட்டும். குறி கேட்டுட்டுக் கூப்பிட்டுக்கிடலாம்."

என் மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான். மாதம் ஒரு தடவைதான் வருவான். என் வீட்டுக்காரர் அக்காவுக்கு எதிரே வாயைத் திறக்க மாட்டார். அன்று வெள்ளிக்கிழமை. சாயந்திரம் கோமதி முகம் கழுவி, பூ வைத்து, விளக்குக்குத் திரியெல்லாம் போட்டுவிட்டு, தீப்பெட்டியை என் கையில் கொடுத்தாள்.

"நீங்களே ஏத்துங்க அத்தை."

ஏற்றினேன். எண்ணெய் நிறைந்திருந்தது, சுடர் ஆடாமல் நின்றது. எனக்குத்தான் வாயில் மந்திரம் வரவில்லை. விளக்குக்குப் பின்னால் அம்மன் படம். கல்யாணம் ஆகி வந்த நாளாய் நான் கும்பிடுகிற அம்மன் அது. அந்த முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை என்றால் யார் மேல் தப்பு? அங்கேயே நின்று தீர்மானம் செய்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை இந்த விளக்கைக் கோமதிதான் ஏற்றுவாள். மீன் ஏன் சாகிறது என்பதை நான் கண்டுபிடித்தே ஆக வேண்டும்.

நாத்தனார் ஊருக்குப் போகவில்லை. "என்னதான் ஆவுதுன்னு இருந்து பாக்குதேன்" என்று தங்கிவிட்டார்.

வியாழக்கிழமை வந்தது. என் வீட்டுக்காரர் கடையிலிருந்து திரும்பும் முன்னால் கோமதியைக் கூப்பிட்டேன்.

"உண்மையைச் சொல்லு தாயி. உங்க வீட்டுலயும் மீன் வளர்த்தியே, அங்கன இப்படிச் செத்துச்சா?"

"இல்ல அத்தை."

"ஃபில்டரை எப்படிக் கழுவுவ?"

வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். "குழாய்த் தண்ணியில கழுவ மாட்டேன் அத்தை. தொட்டியிலேருந்து எடுத்த தண்ணியிலயே லேசா அலசுவேன். அந்த வளையத்துல கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமி குடியிருக்கும். மீன் கழிவுல இருக்குற விஷத்தை அதுதான் தின்னு தீர்க்கும். குழாய்த் தண்ணியில மருந்து கலந்திருக்குல்லா... பிரஷ் போட்டுத் தேய்ச்சா அம்புட்டும் செத்துரும்."

"அட பாவி மகளே! இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"மாமா அவ்வளவு ஆசையாக் கழுவுதாவ. வந்து ரெண்டு மாசம்கூட ஆகல... நான் எப்படிச் சொல்லுவேன்?"

ராசி இல்லாதவள் என்று சொன்னபோதும் இந்தப் பிள்ளை வாயைத் திறக்கவில்லை. மாமனாரைத் திருத்துவதைவிடப் பழியைச் சுமப்பது மேல் என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள்? பள்ளிக்கூடத்தில் இல்லை. நம் வீடுகளில்தான்.

"சரி, கழுவுறதை விடு. வாரம் தவறாம ஏன் அடைக்குது? அதைச் சொல்லு."

அது அவளுக்கும் தெரியவில்லை. அவள் வீட்டில் இருந்தது சின்னத் தொட்டி, இந்த வாளியெல்லாம் கிடையாது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து மூடியைக் கழற்றினோம். வளையங்களையும் ஸ்பாஞ்சையும் தொட்டித் தண்ணீர் நிறைத்த ஒரு வாளியில் பத்திரமாகப் போட்டுவைத்தோம். காலிக் கூடைகளை மறுபடி உள்ளே அடுக்கினேன். அழுக்கு ஏன் அடிக்கூடையில் மட்டும்? படிகிறது என்றால் மேல் ஸ்பாஞ்சைத் தாண்டித்தானே படிய வேண்டும்? அதில் ஒரு பொட்டுத் தூசிகூட இல்லையே?

நான் எட்டாம் வகுப்பு. ஆனால் இட்லி ஊற்றுகிறவள். கொப்பரையில் தட்டு தட்டாக அடுக்கினாலும் ஆவி அடியிலிருந்துதானே ஏறும்?

"மதினி, இங்கன வாங்க. கொஞ்சம் உளுந்தம்பொட்டு எடுத்துட்டு வாங்க."

"எதுக்குட்டி? மீனுக்கா?"

"வாங்க சொல்லுதேன்."

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரரும் வந்துவிட்டார். "ஏட்டி, அதை ஏன் பிரிச்சுப் போட்டிருக்க? உனக்கு என்ன தெரியும் அதைப் பத்தி?"

"இருங்க. நீங்களும் பாருங்க."

உளுந்து உடைத்த தோலான அந்த உளுந்தம்பொட்டை ஒரு குடத் தண்ணீரில் கலந்தேன். அதுதான் அழுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். தொட்டித் தண்ணீர் வாளிக்குள் வருகிற வழியில், ஓரமாக இருந்த துவாரத்தில் மெதுவாக ஊற்றினேன். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். மேல் கூடை காய்ந்து கிடந்தது. அந்தத் துவாரம் தண்ணீரை நேரே அடிக்குக் கொண்டுபோனது. அடியில் நிறைந்து, அடிக்கூடை, நடுக்கூடை, மேல் கூடை என்று ஏறி வந்தது. கூடைகளைத் தூக்கிக் காட்டினேன். உளுந்தம்பொட்டு முழுக்க அடிக்கூடையின் அடியில் அப்பிக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் குந்தி உட்கார்ந்து துவாரத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"தண்ணி கீழேருந்துல்லா ஏறுது..." என்றார் என் வீட்டுக்காரர்.

"பைப் கடைக்காரவிய சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றேன்.

கோமதி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள்! அவள் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று.

அப்புறம் அவள் கையாலேயே அடுக்கச் சொன்னேன். அடியில் முரட்டு ஸ்பாஞ்ச், பெரிய அழுக்கை வாசலிலேயே பிடித்துக்கொள்ள. அதற்கு மேல் வளையங்கள், சகதி அண்டாமல் நல்ல கிருமி குடியிருக்க. எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளைப் பஞ்சு, மிச்சத் தூசிக்கு. வளையங்களைத் தொட்டித் தண்ணீரிலேயே ஒரு அலசு, அவ்வளவுதான். பழுப்பு போகவில்லை.

நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "நாளைக்கு வெள்ளிக்கிழமை. இந்த அழுக்கை வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டா விளக்கு ஏத்தப் போறிய?"

"இது அழுக்கு இல்ல மதினி. இதுவும் உசுருதான். நாம வியாழக்கிழமை தோறும் இதைக் கொன்னுட்டு, வெள்ளிக்கிழமை சாமி கும்பிட்டிருக்கோம்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இத்தோடு மீன் எல்லாம் துள்ளிக் குதித்தது என்று முடித்தால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். நடந்தது வேறு. மறுநாள் வெள்ளிக்கிழமை மத்தியானம் இன்னொரு மீன் செத்தது. கோமதிக்கு ரொம்பப் பிடித்த ஆரஞ்சு நிறத்து மீன்.

"பாத்தியா! நான் சொன்னேன்லா? உங்க பஞ்சும் ஸ்பாஞ்சும் என்ன செஞ்சிச்சு?" என்று நாத்தனார் கூடத்தில் நின்று கத்தினார்.

கோமதி அழுதுகொண்டே அந்த மீனைக் கையில் ஏந்தி, முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்தாள். செத்த கிருமி ஒரே நாளில் திரும்பி வருமா? வாரக்கணக்கில் ஆகும் என்று அவளே என்னிடம் சொல்லியிருந்தாள். ஆனால் அந்த நேரம் அவளுக்கே அவள் சொன்னது மறந்துபோயிற்று. சாயந்திரம் மறுபடியும் தீப்பெட்டியை என்னிடம் நீட்டினாள்.

நான் வாங்கவில்லை.

"மீன் பிழைச்சாத்தான் நீ விளக்கு ஏத்தணும்னா, மதினி சொன்னதை நானும் ஒத்துக்கிட்டேன்னு அர்த்தம். மீன் கிடக்கட்டும். நீ இந்த வீட்டு மருமக. ஏத்து."

"பெரியம்மா கோவப்படுவாவ..." என் நாத்தனாரை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"கோவப்படட்டும். அம்மனுக்குக் கோவம் வந்தா என் தலையில வரட்டும். ஏத்து தாயி."

என் வீட்டுக்காரர் செருமினார். அக்காவுக்கு எதிரே அவர் பேசி நான் கேட்டது அன்றுதான். "அக்கா, மீனைக் கொன்னது என் பிரஷ்தான். பிள்ளையை ஒண்ணும் சொல்லாத."

கோமதி தீக்குச்சியை உரசினாள். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவதில் ஏற்றினாள்.

பிறகு வாரக்கணக்கில் யாரையும் ஃபில்டரைத் தொட விடவில்லை. அண்டாவில் பிடித்து, மருந்து போக ஒரு நாள் திறந்து வைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினோம். மிச்சம் இருந்த மீன்கள் மெல்ல மெல்ல இரை எடுத்தன. இன்றைக்கு அந்தத் தொட்டியில் குஞ்சுகள் ஓடுகின்றன.

கதை அதோடு முடியவில்லை. இப்போது என் நாத்தனார் போகிற கல்யாண வீட்டிலெல்லாம் இதைச் சொல்லுகிறார். எப்படித் தெரியுமா? "எங்க மருமக விளக்கு ஏத்தினா பாருங்க, செத்த மீனு புரண்டு நீந்திச்சு! அவ்வளவு ராசியான பிள்ளை!" விளாத்திகுளம் வரைக்கும் அப்படித்தான் பரவியிருக்கிறது. கேட்டவர்கள் கோமதி கையால் திருநீறு வாங்க வருகிறார்கள். அவள் பாவம், ஓடி ஒளிகிறாள். ராசியில்லை என்று சொன்ன வாயிலிருந்துதான் இதுவும் வருகிறது... நாளைக்கு வேறொரு வீட்டில் விளக்கு ஏற்றியும் மீன் செத்தால் அந்தப் பெண்ணின் கதி என்ன?

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுதல். உங்களுக்குத் தெரிந்த வீடுகளில் இதைச் சொல்லுங்கள், தொட்டி இருக்கிற வீடானாலும் சரி, புது மருமகள் இருக்கிற வீடானாலும் சரி. நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். ஸ்பாஞ்ச் அடியில், வளையம் நடுவில், பஞ்சு மேலே. எதையும் கூட்ட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

முக்கியமாக, விளக்கு ஏற்றிய அன்றைக்கும் ஒரு மீன் செத்ததே... அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.