நாலுக்கு ஒன்று வானம் பார்க்கும்

பூவிழியை எங்கள் ஊரில் இரண்டு வருடம் "மிளகாய்த் திருடி" என்றார்கள். சொன்னவர்கள் வாய் அழுகிப் போகட்டும் என்று சாபம் விட எனக்கு ஆசைதான். ஆனால் அவளைத் திருடி ஆக்கிய அன்று வாயை மூடிக்கொண்டு நின்றவர்களில் நானும் ஒருத்தி.

நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில், வெள்ளை வலை கட்டிய ஒரு விதைத் தோட்டத்தில் நாங்கள் கிராஸிங் வேலை பார்த்தோம். மிளகாய் மொட்டு விரியும் முன்பே அதைப் பிரித்து, இடுக்கியால் மகரந்தப் பையை எடுத்துவிட வேண்டும். பிறகு வேறொரு ரகத்தின் மகரந்தத்தைத் தொட்டு வைத்து, காம்பில் சிவப்பு நூல் கட்ட வேண்டும். பூவிழி பதினோரு வருடம் அதைச் செய்தாள். அவள் கட்டிய நூலில் காய் பிடிக்காமல் போனது அபூர்வம்.

ஒரு மத்தியானம் விதைப் பொட்டலம் ஒன்றைக் காணவில்லை. சூப்பர்வைசர் அறிவழகன் எங்கள் பதினாலு பேரையும் வரிசையாக நிறுத்தி, சேலை மடியை உதறச் சொன்னான். நாங்கள் உதறினோம். நானும்தான் உதறினேன், தூ! பூவிழி மட்டும் அசையவில்லை.

"நான் உதறுறேன் சார். நீங்களும் உங்க பாக்கெட்டை உதறுங்க" என்றாள்.

அவன் முகம் கறுத்துவிட்டது. அவளுடைய பையைப் பிடுங்கித் தரையில் கொட்டினான். சோற்று டப்பா, சீப்பு, நூல்கண்டு விழுந்தன. விதை இல்லை. "எங்கயோ ஒளிச்சு வெச்சிருக்கா திருடி. நாளையிலிருந்து வராதே" என்றான். மூன்றாம் நாள் அந்தப் பொட்டலம் அவன் ஜீப் சீட்டுக்கு அடியிலேயே கிடந்ததாக டிரைவர் மாது என்னிடம் சொன்னான். அறிவழகன் மூச்சுக் காட்டவில்லை. அதற்குப் பிறகு எந்தத் தோட்டத்திலும் பூவிழியை வேலைக்குச் சேர்க்கவில்லை.

அவளிடம் வேறொரு சொத்து இருந்தது. வீட்டுக்குப் பின்னால் எட்டு வருடமாக ஒரு மிளகாயைத் தேர்ந்தெடுத்து வளர்த்து வந்தாள். ஒவ்வொரு போகத்திலும் சிறந்த செடியை மட்டும் விதைக்கு விடுவாள். தேனீ வேறு மகரந்தத்தைக் கொண்டுவராதபடி பூவைத் துணியால் மூடுவாள். விரல் நீளக் காய், காய்ந்தாலும் ரத்தச் சிவப்பு மாறாது. நடுவில் ஒரே ஒரு செடியில் காய்கள் தொங்காமல் வானத்தைப் பார்த்து நின்றன. அப்படிப்பட்ட காயில் மழைத்தண்ணீர் காம்படியில் தேங்கி அழுகிவிடும், யாரும் வாங்க மாட்டார்கள். அவள் அதைப் பிடுங்காமல், தொங்கும் செடியோடு கிராஸ் போட்டுப் பார்த்தாள். பிறந்தவை எல்லாம் தொங்கின. அவற்றின் விதையை மறுபடி போட்டபோது, நாற்பது செடியில் பதினொன்று வானத்தைப் பார்த்தன.

"ஒளிஞ்சிருந்து பேரப்புள்ளைல வருதுக்கா. நாலுக்கு ஒண்ணு" என்று சொன்னாள். அப்போது எனக்கு அது வெறும் விளையாட்டாகத்தான் பட்டது.

அந்த மிளகாயின் பேச்சு அறிவழகன் காதுக்குப் போனது. ஜீப்பை அவள் வீட்டு வாசலில் நிறுத்தி, பல்லைக் காட்டிக்கொண்டு வந்தான்.

"பழசெல்லாம் மனசுல வெச்சுக்காதம்மா. கொஞ்சம் விதை குடு."

"நான் திருடலைன்னு ஊர் முன்னாடி சொல்லுங்க சார். ஒரு வார்த்தை போதும். விதையைச் சும்மாவே தர்றேன்."

"உங்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கணுமா?" என்று சிரித்தான். போகும்போது வேலி எவ்வளவு உயரம் என்று பார்த்துவிட்டுப் போனான்.

அடுத்த போகம் நல்ல செடிகளைத் தன் அண்ணன் காட்டில் கொண்டுபோய் நட்டாள். வீட்டு வேலியோரம் நான்கு வரிசை, கிராஸில் பிறந்த முதல் தலைமுறைச் செடிகளை வைத்தாள். பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது, எல்லாக் காயும் அழகாகத் தொங்கின. மாரியம்மன் பொங்கலன்று ஊரே கோயிலில் இருந்தது. திரும்பி வந்தால், வேலியோரம் ஒரு பழம் இல்லை. நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவளோ சிரித்தாள். இரண்டு வருடத்தில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"சும்மா வுடுவனாக்கா அவனை? ஆனா விவசாயி வயித்துல அடிக்கக் கூடாது. அந்த விதையைப் பாக்கெட் போட்டு விக்கிறதுக்கு முன்னாடி, செடியைக் காட்டக் கூட்டம் கூட்டுவான். அன்னிக்குப் போறோம்."

அடுத்த போகத்தில் செடி காய்த்ததும் அறிவழகன் கம்பைநல்லூர்ப் பக்கம் கூட்டம் போட்டான். பந்தல், நாற்காலி, அவன் படம் போட்ட பிளக்ஸ். "ஏழாண்டு உழைப்பில் உருவான ரகம்" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. பெங்களூரிலிருந்து விதைக் கம்பெனி மேலாளர் வந்திருந்தார். பூவிழி கல்யாணச் சேலை கட்டிக்கொண்டு நேராக அவரிடம் போய், மடித்த தாள் ஒன்றைக் கையில் கொடுத்து, "செடியைப் பாத்துட்டுப் பிரிங்க சார்" என்றாள்.

வயலுக்குள் போனோம். ஒரு காய்கூட வானத்தைப் பார்க்கவில்லை, அத்தனையும் தொங்கின. போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் கையைப் பிடித்தேன். அவள் காயைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலாளரும் பார்த்துவிட்டார். "ஏன் இத்தனை இடம் காலியா இருக்கு?"

"கூலிக்காரிங்க சார். களை எடுக்கிறப்போ செடியையும் பிடுங்கிட்டாளுங்க" என்றான் அறிவழகன்.

மறுபடியும் நாங்கள்தான்! இந்தமுறை நான் வாயை மூடிக்கொண்டு நிற்கவில்லை. "பிடுங்கின செடி எங்கடா?" என்று கத்தினேன். மாது வாய்க்கால் வரப்பைக் காட்டினான். அங்கே வைக்கோலுக்கு அடியில் வாடிய செடிகள் குவியலாகக் கிடந்தன. பூவிழி ஒன்றை இழுத்து வந்தாள். காய்கள் அத்தனையும் காம்பு நிமிர்ந்து மேலே பார்த்தன.

"எண்ணிப் பாருங்க சார்" என்றாள்.

மேலாளரே ஒரு வரிசையை எண்ணினார். நூறு இடம், இருபத்தாறு காலி. தாளைப் பிரித்தார். 'நாலுக்கு ஒன்று வானத்தைப் பார்க்கும். இப்படிக்கு, பூவிழி' என்று இருந்தது.

அவர் பிளக்ஸையும் அறிவழகனையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏழு வருஷம் தேர்ந்தெடுத்த ரகம் இப்படித் தொங்கறது, நிமிர்றதுன்னு பிரியாதுய்யா. இது போன வருஷம் யாரோ போட்ட கிராஸ். எங்கேருந்து எடுத்தே?"

"எங்க வூட்டு வேலியோரத்துலேருந்து சார்" என்று பூவிழி சொல்லி, அண்ணன் காட்டு நல்ல மிளகாயை அவர் கையில் வைத்தாள். நாற்காலியில் இருந்த விவசாயிகள் எல்லாம் எழுந்துவிட்டார்கள்.

மேலாளர் தணிந்த குரலில், "உனக்கு என்னம்மா வேணும்? வேலையா, விலையா?" என்று கேட்டார்.

"அதைப் பொறவு பேசலாங்க. முதல்ல இவரு பாக்கெட்டை உதறணும்."

யாரும் சிரிக்கவில்லை. மேலாளர் தலையசைத்தார். அறிவழகன் என்னைப் பார்த்தான், மாதுவைப் பார்த்தான். பிறகு, அத்தனை பேர் முன்னால், இரண்டு பாக்கெட்டையும் வெளியே இழுத்து உதறினான். பர்ஸ், சீப்பு, ஜீப் சாவி மண்ணில் விழுந்தன.

பூவிழி குனிந்து மூன்றையும் பொறுக்கினாள். மண்ணைத் தட்டி அவன் கையில் கொடுத்தாள்.

"எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்குங்க சார். அப்புறம் நாங்க எடுத்துட்டோம்னு சொல்லுவீங்க."